காணாமல் போன பன்னிரண்டு ராசி

ஆடி 1, வியாழன்

நகரங்கள் தீப்பிடித்ததைப் படித்திருக்கிறேன். ஊர்களைக் கடல் கொண்டதையும் படித்திருக்கிறேன். இன்று மதியம் ஒன்று இருபத்தாறுக்கு எங்கள் அச்சகத்தில் நடந்ததோடு ஒப்பிட்டால் அவையெல்லாம் பால் பொங்கி அடுப்பு அணைந்த கணக்கு. அடுத்த வருடம் அழிந்துவிட்டது. ஜனவரி ஒன்று முதல் டிசம்பர் முப்பத்தொன்று வரை, பொங்கல், தீபாவளி, பதினைந்து நாளுக்கொரு பிரதோஷம் உட்பட, கம்ப்யூட்டரின் ‘டி’ டிரைவிலிருந்து துடைத்தெடுத்தாற்போலப் போய்விட்டது.

பிற்காலத்தவருக்காக என்னைப் பற்றிச் சிறு குறிப்பு. பெயர் தனுஷ்கோடி, வயது ஐம்பத்தெட்டு. சிவகாசி தவமணி காலண்டர்ஸில் பிழை பார்ப்பவன். முதலாளி பொன்கனிக்குத் தாய்மாமன். தினமும் கிழிக்கிற தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் வரவு, பகை, சுகம், தாமதம் என்று ஆளுக்கொரு சொல் இருக்குமே, அதை எழுதுகிறவன். பிரபஞ்சத்தில் பாதிப் பேர் என்னைக் கேட்டுத்தான் வாசல் தாண்டுகிறார்கள். மீதிப் பாதியும் ரகசியமாகப் பார்க்கிறது.

ஆடிப்பெருக்கன்று அடுத்த வருட மாதிரிகள் அடங்கிய புது ஆல்பம் திறந்து ஏஜென்டுகளிடம் ஆர்டர் வாங்குவது இந்த ஊர் வழக்கம். அதற்குள் தாள்களும் அச்சுப் பிளேட்டுக்குப் போயாக வேண்டும். இன்னும் பதினேழு நாள். அத்தான் தவமணி காலமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவர் மகள் பொன்கனி தனியாகப் போடும் முதல் ஆல்பம் இது. இதில் சறுக்கினால், எதிர்த்தெரு வெள்ளிமலை காலண்டர்ஸ்காரன் எங்கள் ஏஜென்டுகளை இளநீர் கொடுத்தே இழுத்துவிடுவான்.

காலையில்தான் பொன்கனி சொன்னாள், மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து என் ராசி பலன் கோப்பைத் திறந்து பக்கங்களில் ஏற்றலாமென்று. பன்னிரண்டு ராசியும் பட்டாளம் மாதிரி வரிசையில் நிற்கிறது என்றேன். நாலாயிரத்து முந்நூற்று எண்பது சொற்கள்! அவையும் போயின.

சம்பவ நேரத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் இருந்தேன். ஆனால் கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. போயிருந்தாலும் தூசி தட்டத்தான் போயிருப்பேன்.

சந்தேகத்துக்குரியவர்கள்: ஒன்று, வெள்ளிமலை. இரண்டு, டைப் செய்யும் மாரீஸ்வரி. அவள் கொழுந்தன் வெள்ளிமலையில் பைண்டிங் செய்கிறான். மூன்று, மின்சார வாரியம். நான்கு, அச்சகத்துப் பூனை. ஐந்தாவதாக யாருமில்லை.

ஆடி 2, வெள்ளி

மதுரையிலிருந்து நைனா முகமது என்பவர் வந்தார். அழிந்ததை மீட்பவராம். இறந்தவரை எழுப்புபவர் மாதிரி ஒரு நடை. பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வயரைச் செருகிவிட்டு முதலில் கேட்ட கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை.

“ஃபார்மட் அடிச்சது யாரு?”

“யாரும் அடிக்கல. அதுவா அழிஞ்சுபோச்சு” என்றேன்.

“அதுவா அழியாது சார். ரெண்டு தடவை நிச்சயமான்னு கேட்டிருக்கும். ரெண்டு தடவையும் யாரோ ஆமான்னு சொல்லியிருக்காங்க.”

“பூனை” என்றேன்.

“பூனைக்கு இங்கிலீஷ் தெரியுமா அண்ணாச்சி?” என்று மாரீஸ்வரி கேட்டாள். அவள் ஏன் முந்திக்கொண்டு பேசுகிறாள்? குறித்துக்கொண்டேன்.

பொன்கனி அப்பாவின் நாற்காலியில் உட்காராமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். “பாய், திரும்பக் கிடைக்குமா?” என்று மட்டும் கேட்டாள்.

“புத்தகத்துல பொருளடக்கத்தைக் கிழிச்ச மாதிரிதான்மா. உள்ள பக்கமெல்லாம் அப்படியே இருக்கும். ஆனா எந்தப் பக்கம் எங்கன்னு தெரியாது. இதுமேல புதுசா எதையும் எழுதிராதீங்க, எழுதுனா பழசு போயிரும். கிடைக்கிறவரைக்கும் கிடைக்கும்.”

எவ்வளவு கிடைக்கும் என்று நானும் கேட்டேன். அக்கறையில்.

“முக்காவாசி. அதிர்ஷ்டம் இருந்தா எல்லாமே.”

எல்லாமே என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார்.

ஆடி 3, சனி

நைனா இன்று என்னை நான்கு முறை பார்த்தார். ஒரு மனிதனைப் பார்க்க ஒரு முறை போதும்.

ஆடி 4, ஞாயிறு

குடிதண்ணீர் வந்தது. ஒன்பது குடம் பிடித்தேன். ஒரு யானை இரண்டு நாள் குளிக்கலாம்.

ஞாயிறென்றும் பாராமல் அச்சகம் திறந்திருந்தது. எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவைக்கும் வழக்கம் இல்லையா என்று நைனா கேட்டார். உண்டே! அத்தான் வாங்கிய சின்ன டிஸ்க் ஒன்று பூஜை அலமாரியில் இருக்கிறது. போன ஆயுத பூஜையில் மெஷின், கட்டர், பஞ்சிங் கருவியோடு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். அத்தான் எதையும் குறைவாகச் செய்யமாட்டார். வயர் செருகுகிற வாய்க்குள் சந்தனத்தை விரலால் அழுத்தி அப்பிவிட்டார். அதன்பின் அது டிஸ்க்காக இல்லை, தெய்வமாகிவிட்டது. அதை எடுத்து வேலை வாங்க யாருக்கும் துணிவில்லை.

நைனா பல்குத்தும் குச்சியால் அரைமணி நேரம் அந்தச் சந்தனத்தை நோண்டினார். “முப்பது வருஷ சர்வீஸ்ல சாமியை நோண்டுறது இதான் முதல் தடவை” என்றார். மாரீஸ்வரி சிரித்த சிரிப்பு வெள்ளிமலைக்கு நிச்சயம் கேட்டிருக்கும்.

டிஸ்க் உயிர்த்தெழுந்தது. ஆனால் புரட்டாசியோடு நின்றிருந்தது. உள்ளே இருந்தது இப்போது சுவரில் தொங்குகிற இந்த வருடக் காலண்டர்தான். அடுத்த வருடம் அதில் ஒரு நாள்கூட இல்லை.

திறந்து பார்க்கிறேன் பேர்வழி என்று நைனா திரையில் ஏதோ ஒரு மாதத்தைப் போட்டார். பிப்ரவரி. நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பொன்கனி என்னைப் பார்த்து, “கையில கிளாஸ் இருக்கே மாமா, அதுக்குள்ள இன்னொரு டீயா?” என்றாள். என் கையில் பாதி டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் இரண்டு டீ குடிப்பதை யாரோ இவளுக்குப் புகார் செய்கிறார்கள்.

ஆடி 6, செவ்வாய்

மீட்பு தொடங்கிவிட்டது. அறுபத்தோராயிரம் கோப்புகள்! ஒன்றுக்கும் பெயரில்லை. வெறும் எண்கள். திருவிழாவில் தொலைந்த அறுபத்தோராயிரம் குழந்தைகள் பெயர் சொல்லத் தெரியாமல் நிற்பதுபோல. ஒவ்வொன்றாகத் திறந்து, இது சஷ்டி, இது அமாவாசை, இது மளிகைக்கடை விளம்பரம் என்று அடையாளம் சொல்ல ஆள் வேண்டும்.

நானே சொல்கிறேன் என்றேன். எல்லோரும் நெகிழ்வார்கள் என்று எதிர்பார்த்தேன். பொன்கனி, “நீங்களா? மௌஸைத் தொட்டா தேள் கொட்டுன மாதிரி துள்ளுவீகளே?” என்றாள்.

“ஆபத்துக் காலத்தில் தேளையும் தொடுவேன்த்தா.”

நைனா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு உதவவாம். நான் அவரைக் கண்காணிக்கிறேன். அவர் என்னைக் கண்காணிக்கிறார். எங்கள் இருவரையும் பூனை கண்காணிக்கிறது.

ஆடி 7, புதன்

ஜனவரி, ஏப்ரல், ஜூன் கிடைத்தன. மாரீஸ்வரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குற்றவாளி என்றால் இவ்வளவு சந்தோஷப்படுவாளா? அல்லது குற்றவாளி என்பதால்தான் நடிக்கிறாளா? அவள் இன்று தன் டப்பாவிலிருந்து எனக்கு ஒரு கத்தரிக்காய் வறுவல் வைத்தாள். சாப்பிட்டேன். சந்தேகத்தைக் கைவிடவில்லை.

ஆடி 9, வெள்ளி

ஒன்பது மாதம் தேறிவிட்டது. நாளும் நட்சத்திரமும் வந்துகொண்டே இருக்கின்றன. ராசி பலன் கோப்பு மட்டும் வரவில்லை.

“உங்க ஃபைல் எப்படி சார் இருக்கும்?” என்று நைனா கேட்டார்.

“பன்னிரண்டு பத்தி. ஒவ்வொன்றிலும் முந்நூற்று அறுபத்தைந்து சொல். ஆனா அது மென்மையான கோப்பு. இந்த அதிர்ச்சியில கருகியிருக்கும்.”

“கோப்புல மென்மை, முரடுன்னு கிடையாது சார்.”

பொன்கனி நிமிர்ந்தாள். “கிடைக்கலைன்னா திரும்ப எழுதிருவீகளா மாமா? இன்னும் ஒன்பது நாள் இருக்கு.”

நாலாயிரத்து முந்நூற்று எண்பது தீர்க்கதரிசனங்களை ஒன்பதே நாளில்! அருவியை மறுபடி மலைமேல் ஏற்றுகிற காரியம் என்றேன். இந்த வருடம் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, துணியில் எண்ணெய்க் கறை போக என்ன செய்யலாம் என்பதுபோல் வீட்டுக் குறிப்பு போடலாமே என்று அருமையான யோசனை கொடுத்தேன்.

“ராசி பலன் இல்லாத காலண்டரை எவன் மாமா ஆணியில மாட்டுவான்?” என்றாள். பிறகு கொஞ்சம் மெதுவாக, “நாலு ஏஜென்டு நேத்து போன் பண்ணிட்டாக. பொம்பளப் பிள்ளை தனியா போட்டுருவாளான்னு நேரடியாக் கேக்கல. ஆல்பம் திறக்குமாங்கிறாக” என்றாள்.

இதற்கு மேடைப் பேச்சளவுக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. அதைச் சொல்லாமல் அடுத்த கோப்பைத் திறந்தேன், மளிகைக்கடை விளம்பரம்.

ஆடி 11, ஞாயிறு

செருப்பு அறுந்தது. தைக்கக் கொடுத்தேன்.

அக்கா வீட்டில் சாப்பாடு. முருங்கைக்காய்ச் சாம்பார். அக்கா என் தட்டையே பார்த்தாள். “ஏன்டா, மெலிஞ்சுபோன? என்ன மறைக்கிற?” என்றாள். மெலிந்ததற்கும் மறைப்பதற்கும் என்ன சம்பந்தம்? இந்தக் குடும்பத்தில் எல்லோரும் துப்பறிகிறார்கள்.

சாப்பிட்ட இடத்துக்கு நேரே அத்தான் படம். அதன் கீழேதான் எங்கள் காலண்டர். அத்தானுக்கு விருச்சிக ராசி. தினமும் காலையில் தாளைக் கிழித்து, தன் பலனைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

ஒரு விவரத்தை வரலாற்றுக்காகப் பதிவு செய்கிறேன். அதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. பிப்ரவரி நான்காம் தேதித் தாளில் விருச்சிகத்துக்கு ‘சுகம்’ என்று இருந்தது. அதை எழுதியவன் நான். ஏழு மாதம் முன்பே, மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டே, விரல் எண்ணெய் படாமல் பேனாவைப் பிடித்து எழுதினேன். அன்று பத்தரை மணிக்கு அத்தான் மெஷின் பக்கத்தில் விழுந்தார். எழவு வீட்டில் அக்கா நூறு பேர் முன்னால் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள்: “சுகம்னு போட்டிருக்கே, இன்னிக்கு மாத்திரை எதுக்குன்னு கேட்டாகளே!”

நூறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இருநூறு கண். எண்ணினேன். அதன்பின் யார் என்னைப் பார்த்தாலும் அந்த இருநூறில் இரண்டா என்றுதான் பார்க்கிறேன்.

சாம்பாரில் உப்புக் குறைவு.

ஆடி 12, திங்கள்

காலை பதினொன்றே காலுக்கு நைனா கை கழுவப் போன நேரம் 40317 என்றொரு கோப்பு திறந்தது. பயனற்றது. குப்பைக்கு அனுப்பி, குப்பையையும் காலி செய்தேன். உலகம் லேசாகிவிட்டது. மதியம் இரண்டு வடை.

ஆடி 13, செவ்வாய்

அந்த நைனா ஒரு கில்லாடி. மீட்கிற ஒவ்வொன்றையும் அப்போதைக்கப்போது தன் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். தொழில் தர்மமாம்! நான் குப்பையைக் காலி செய்தபோது என்னைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டரில் இருந்த ஒரே முட்டாள் நான்தான்.

பொன்கனி என்னை பேப்பர் குடோனுக்குக் கூப்பிட்டாள். ரீம்களுக்கு நடுவே நின்று ஒரு கற்றைத் தாளை நீட்டினாள். அச்செடுத்திருந்தாள். மேஷம் முதல் துலாம் வரை நிறைய. தனுசு முதல் மீனம் வரை நிறைய. நடுவில் ஒரு பத்தி, தலைப்பு மட்டும் விருச்சிகம், கீழே முந்நூற்று அறுபத்தைந்து வெற்றுக் கட்டம்.

“மத்த பதினொண்ணும் முடிச்சிருக்கீக.”

“விருச்சிகம் கொஞ்சம் சிக்கலான ராசித்தா. கிரகங்கள் ஒத்துழைக்கல.”

“மாமா.”

அந்தச் சொல்லில் அப்படி ஒன்றுமில்லை. அவள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து கேட்கிற சொல்தான். நான் ரீம்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சரி, எழுதிவிடுகிறேன். அன்று மதியம் அவள் கோப்பைத் திறப்பதாகச் சொன்னாள். அதற்குள் அந்த ஒன்றை மட்டும் அழித்துவிட்டு, ஐயோ காணோமே என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அது எங்கோ திறந்திருக்கிறது, அழிக்க முடியாது என்றது கம்ப்யூட்டர். ஒன்றரைக்கு ராகு காலம் பிறக்கிறது. ராகு காலத்தில் காரியம் தொடங்காதே என்று ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுக்கிறவன் நான், அதை மீறலாமா? பதறிப்போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் அமுக்கினேன். இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் ஆமாம் என்றேன். பூனைக்கு இதில் சம்பந்தமில்லை. மாரீஸ்வரிக்கும் இல்லை.

இத்தனையையும் அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “நல்ல நேரம் பாத்து நாசம் பண்ணியிருக்கீக” என்றாள்.

பிறகு கேட்டாள். “அப்பா மாத்திரை போடாமத்தான் போனாருன்னு நெனச்சுக்கிட்டிருக்கீகளா?”

நான் குடோன் கூரையைப் பார்த்தேன். ஓட்டை எதுவுமில்லை.

“அம்மாகிட்டக் கேட்டது கேலிக்கு மாமா. அம்மா அடுப்படிக்குப் போனப்புறம் நான்தான் மாத்திரையைப் பிரிச்சுக் கையில குடுத்தேன். தண்ணியை ஒரே மொடக்குல குடிச்சுட்டு, ‘உன் மாமன் சொல்றதைக் கேட்டா டாக்டர் பட்டினி கிடப்பான்’னாரு. டம்ளரை நான்தான் வாங்கிக் கழுவி வச்சேன்.”

“ஏன்த்தா இதை இத்தன நாள் சொல்லல?”

“நீங்க கேக்கலியே! நீங்க பாட்டுக்குப் பெருசு பெருசாப் பேசிக்கிட்டுத் திரிஞ்சீக. உங்களுக்கு ஒண்ணுமில்லன்னுதான நெனச்சேன்.”

ஆடி 14, புதன்

யோசித்தேன். அவள் பொய் சொல்லியிருக்கலாம். ஆல்பம் திறக்க வேண்டிய அவசரம் அவளுக்கு. அதோடு என்மேல் பிரியம் வேறு. இரண்டும் சேர்ந்தால் யாரும் பொய் சொல்வார்கள். மாத்திரை என்ன நிறம் என்று இன்று சாதாரணமாகக் கேட்டுப் பார்த்தேன். வெள்ளை என்றாள். உலகத்தில் முக்கால்வாசி மாத்திரை வெள்ளை.

அக்காவிடம் போய்க் கேட்கலாம். அந்தக் காலையை மறுபடி அவள் வாயிலிருந்து வரவழைக்க எனக்கு மனமில்லை.

மாரீஸ்வரியிடம் போய், அழித்தது நான்தான் என்றேன். “அது அன்னிக்கே தெரியும் அண்ணாச்சி” என்றாள். எல்லோருக்குமே தெரியுமாம். பதின்மூன்று நாளாக ஒரு அச்சகமே எனக்காக வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறது. நானோ கத்தரிக்காயைச் சந்தேகப்பட்டேன்.

சாயங்காலம் விருச்சிகம் ஜனவரி ஒன்றுக்கு ‘பயணம்’ என்று எழுதினேன்.  நான் தாளில் எழுத எழுத, மாரீஸ்வரி டைப் செய்கிறாள்.

ஆடி 15, வியாழன்

நட்பு, தாமதம், வரவு, அலைச்சல், பரிசு, போட்டி, மறதி, விருந்து. இருநூற்றுப் பத்து நாள் முடிந்தது. சுகம் என்ற சொல்லை ஒரு இடத்திலும் போடவில்லை. பிறகு யோசித்து, ஆறு இடத்தில் போட்டேன். விருச்சிகக்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

ஆடி 16, வெள்ளி

முந்நூற்று அறுபத்து நான்கு. பிப்ரவரி நான்கு மட்டும் நிற்கிறது.

என்னென்னவோ எழுதிப் பார்த்து அடித்தேன். கடைசியில் பொன்கனியிடம் போய், “இது மட்டும் எனக்கு ஆகாதுத்தா” என்றேன்.

அவள் மாரீஸ்வரியை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். திரையை என் பக்கமிருந்து திருப்பினாள். ஒரே ஒரு சொல். தட்டுகிற சத்தத்தை எண்ணினேன். இடையில் அழித்து அழித்து மறுபடி தட்டியதால் கணக்குத் தப்பிவிட்டது. கோப்பை மூடினாள்.

“என்னத்தா போட்ட?”

“புரூஃப் வரும்ல, பாத்துக்கோங்க.”

ஆடி 17, சனி

எல்லா மாதங்களின் புரூஃபும் வந்துவிட்டது. நைனா மதுரைக்குக் கிளம்பினார். போகும்போது என் கையைப் பிடித்து, “சார், இனிமே கம்ப்யூட்டர் ரெண்டு தடவை கேட்டா, ரெண்டு தடவையும் வேண்டாம்னு சொல்லுங்க” என்றார். நல்ல மனிதர். முதல் நாளே எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் வேலையை ஒரே பகலில் முடித்தேன். ஒரு சதுர்த்தி தள்ளிப் போயிருந்தது, பிடித்தேன். ஆகஸ்டில் ஒரு புள்ளி அதிகம், பிடித்தேன். இப்பூவுலகில் என் கண்ணுக்குத் தப்பிய பிழை இதுவரை பிறக்கவில்லை.

பிப்ரவரி நான்காம் தாள் வந்தபோது அதைக் கவிழ்த்துப் போட்டேன். பார்க்காமலே பின்பக்கத்தில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். முப்பத்தோரு வருடத்தில் படிக்காமல் நான் கையெழுத்துப் போட்ட ஒரே தாள்.

ஆடி 18, ஞாயிறு

ஆல்பம் திறந்தாயிற்று. பொன்கனி அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து ஆர்டர் எழுதினாள். ஏஜென்டுகள் எள்ளு சாதம் சாப்பிட்டுவிட்டு, கை கழுவியதும் கேட்டது அடுத்த வருடத் தாளைத்தான். அவரவர் பிறந்தநாளைத் தேடிப் பிடித்துத் தங்கள் ராசிக்கு என்ன என்று பார்த்தார்கள். தூத்துக்குடி ஏஜென்டுக்கு ‘பகை’. மனைவியிடம் காட்டிச் சிரித்தார்.

மாதிரிக் கட்டு நாள் முழுக்க என் மேஜைமேல் கையெட்டும் தூரத்தில் இருந்தது. எடுக்கவில்லை. பிப்ரவரி நாலுக்கு இன்னும் நூற்றெண்பத்தைந்து நாள். ஊர் மக்கள் எல்லோரும் கிழித்துத்தான் பார்க்கிறார்கள், நானும் அன்று காலையில் கிழித்துப் பார்த்துக்கொள்கிறேன்.